மெயில்மேன்

மின்னஞ்சல் குழுக்களை நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். குனு திட்டத்தைச் சேர்ந்தது. 1990களில் ஜான் வீகா தொடங்கியதைப் பாரி வார்சா முதலியோர் வளர்த்தெடுத்தனர். பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது.

குழு நிர்வாகிக்குத் தீராத தொல்லை முகவரிக் குழப்பம்தான். உரையாட ஒரு முகவரி, சேரவும் விலகவும் வேறொன்று. விலக நினைப்பவர் “என்னை நீக்குங்கள்” என்று முதல் முகவரிக்கு எழுதினால் மடல் எல்லோருக்கும் போய்விடும். “என்னையும்” என்று இன்னும் சிலர் பதில் போடுவார்கள். இத்தகைய மடல்களை இனங்கண்டு நிர்வாகியின் பார்வைக்கு நிறுத்திவைக்கும் வடிகட்டி மெயில்மேனில் உண்டு. குழப்பத்தைப் பாதியாவது தணிக்கும் நல்ல ஏற்பாடு அது.

இரண்டாம் பதிப்பு மாதந்தோறும் முதல் தேதியில் உறுப்பினரின் கடவுச்சொல்லை அப்படியே அஞ்சலில் நினைவூட்டி வந்தது. மறதிக்காரர்களுக்கு உதவிதான், ஆனால் பாதுகாப்புக்கு ஒவ்வாத வழக்கம். 2015இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைக் கைவிட்டது சரியான முடிவே.

2014 ஏப்ரலில் போலி அனுப்புநர் முகவரிகளைத் தடுப்பதற்கான தன் டிமார்க் கொள்கையை யாகூ இறுக்கியது. யாகூ முகவரியிலிருந்து எழுதியவரின் மடல் குழு வழியாகச் சென்றபோது மற்ற அஞ்சல் சேவைகள் அதைப் போலியெனத் திருப்பியனுப்பின. திரும்பியவற்றை எண்ணிய மென்பொருள், தவறே செய்யாத உறுப்பினர்களின் சந்தாவை முடக்கியது. அதே ஆண்டு வெளிவந்த 2.1.18 பதிப்பு, அத்தகைய அனுப்புநர்களின் மடல்களை மட்டும் குழுவின் முகவரியிலிருந்து செல்லுமாறு மாற்றியெழுதும் வசதியைத் தந்தது.