திருமுக்கூடலின் பதினைந்து கட்டில்கள்

நகர மருத்துவமனை என்றதும் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் 1198-இல் ரோமில் புதுப்பித்து நிறுவிய சாந்தோ ஸ்பிரித்தோ போன்ற கத்தோலிக்க நிறுவனங்களே நினைவுக்கு வரும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள சோழ மன்னன் வீரராசேந்திரனின் கல்வெட்டு, அதற்கும் நூறாண்டுக்கு மேல் முந்தைய 'வீரசோழன்' ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையைக் காட்டுகிறது. கட்டில்கள் 15; மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை (அறுவை மருத்துவம்) செய்பவர் ஒருவர், மருந்து காய்ச்சும் பெண்கள் இருவர்; நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி; இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு.

இது கோயிலின் வேதபாடசாலை மாணவருக்கும் கோயில் பணியாளருக்கும் மட்டுமானது. பொது மருத்துவமனை ஆகாது என்பர். மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவமனையை மருத்துவமனையாக்குவது வாசலின் அகலம் மட்டுமல்ல. படுக்கை, நிலையான ஊதியம், பணிப் பிரிவினை, மருந்திருப்பு ஆகியவையும்தான். அவை நான்கும் இங்கே தனிமனிதரின் இரக்கத்தை நம்பாமல், கல்வெட்டின் ஆண்டுச் செலவுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன.