அவையும் இடமும்: பெருந்தொற்றுக் கால மாநாடுகளும் ஒரகடத் தொழிற்பரப்பும்

தோற்றுவாய்

அவை என்னும் சொல் தமிழிற் கூடியிருக்கும் மக்களையும் அவர் கூடும் இடத்தையும் ஒருங்கே குறிப்பதாகும். அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வகுத்துள்ளார். சொல்வோனும் கேட்போனும் ஓரிடத்தே முகம் நோக்கி இருப்பர் என்பதே அவ்விரண்டிற்கும் அடிப்படை. 2020ஆம் ஆண்டில் இவ்வடிப்படை அசைந்தது. அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச்சு 25ஆம் நாள் முதல் இந்திய நாடு முழுதும் ஊரடங்கிற்று. அறிஞர் மாநாடுகள் பல மண்டபங்களை விட்டு இணையத்திற்குப் பெயர்ந்தன. அப்பெயர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், சென்னைக்கு மேற்கே அமைந்த திருப்பெரும்பூதூர்–ஒரகடத் தொழிற்பரப்போடு அதனை ஒப்புநோக்குங்காற் புலனாகும் உண்மை யாது என்பதையும் இக்கட்டுரைக்கண் ஆராயப் புகுகின்றோம்.

நோயும் அவையும்: பழைய மரபு

இந்திய அறிவியல் மாநாட்டைத் தோற்றுவிக்க முயன்றோர் வேதியியற் பேராசிரியர் இருவர். ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பணியாற்றிய சைமன்சன். மற்றவர் இலக்குமணபுரிக் கானிங் கல்லூரியின் மக்மகன். இவர்தம் முயற்சியால் 1914 சனவரியில் முதல் மாநாடு கல்கத்தாவிற் கூடியது. வந்திருந்த அறிவியலார் 105 பேர். அடுத்த ஆண்டே மாநாடு சென்னைக்கு வந்தது.

1918ஆம் ஆண்டில் நச்சுக் காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாகப் புகுந்து நாடெங்கும் பேரழிவு விளைத்தது. ஆயினும் 1919 சனவரியில் மாநாடு அதே பம்பாயிற் கூடிற்று. தலைமை தாங்கியவர் வெப்பநாட்டு நோய்களை ஆராய்ந்த மருத்துவர் சர் லெனார்டு ராசர்சு ஆவர். நேரிற் கூடுவதன்றி அவை நிகழ்த்த வேறு வழி அந்நாளில் இருந்ததில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1914 முதல் 2020 வரையுள்ள ஆண்டுகள் 107. பெங்களூரில் 2020 சனவரியில் நிகழ்ந்ததும் 107ஆம் மாநாடே. இரண்டு உலகப் போர்களும் நாட்டுப் பிரிவினையும் அறுக்காத அத்தொடரைக் கோவிட் அறுத்தது. புனேயில் 2021இல் நிகழவிருந்த 108ஆம் மாநாடு தள்ளிவைக்கப்பட்டு, முடிவில் 2023 சனவரியில் நாகபுரியில் நடைபெற்றது. எனவே நோய்க்காலத்தில் அவைக்கு மூன்று நெறிகள் உள என அறிகின்றோம். இடர் இருப்பினும் கூடுதல் ஒன்று. கூடாது நிற்றல் மற்றொன்று. இடம் விட்டுப் பெயர்தல் மூன்றாவது. இம்மூன்றாம் நெறியே இக்காலத்திற்குரிய புதுமையாகும்.

இணையத்திற்குப் பெயர்ந்த அவை

இந்நெறியின் தொடக்கத்தை அமெரிக்க இயற்பியற் கழகத்தின் வரலாற்றிற் காணலாம். டென்வர் நகரில் 2020 மார்ச்சு 2ஆம் நாள் தொடங்கவிருந்த அதன் மாநாட்டிற்குப் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் எதிர்பார்க்கப்பட்டனர். பிப்பிரவரி 29ஆம் நாள் அது கைவிடப்பட்டது. அதற்குள் பலர் அந்நகரை அடைந்திருந்தனர். அடுத்து வந்த ஏப்பிரல் மாநாட்டினைக் கழகம் கட்டணமின்றி இணையத்தில் நிகழ்த்தியது. பதிவு செய்தோர் 7,000க்கு மேற்பட்டனர். வழக்கமாக மண்டபத்திற்கு வருவோரின் தொகையினும் இது பன்மடங்கு மிகுதி.

தமிழுலகில் இதற்கு நேரான சான்று உலகத் தமிழ் இணைய மாநாடு. 1997இற் சிங்கப்பூரிலும் 1999இற் சென்னையிலும் கூடிய முதலிரு மாநாடுகளுள், பின்னது தமிழ்99 விசைப்பலகைக்கு வழிகோலியது. 2000ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் அமைப்புத் தோன்றி இம்மாநாடுகளைத் தொடர்ந்து நடத்தலாயிற்று. கோலாலம்பூர், கொலோன், பிலடெல்பியா, சிதம்பரம், தொராண்டோ எனப் பல ஊர்களிற் கூடிய இம்மாநாடு, 2019இற் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திற் பதினெட்டாம் முறையாக நிகழ்ந்தது. இணையத்தையே பொருளாகக் கொண்ட அவை இருபதாண்டுகட்கு மேலாக மண்டபங்களிலேயே கூடிவந்தமை எண்ணத்தக்கது. 2020 திசம்பரில் நிகழ்ந்த பத்தொன்பதாம் மாநாடே முற்றிலும் இணையவழி நடைபெற்றது. எழுத்துருவும் விசைப்பலகையும் குறியேற்றமும் பற்றி முன்னைய மாநாடுகள் ஆற்றிய பணியின் பயனை, இடரான காலத்தில் அம்மாநாடே துய்த்தது எனலாம்.

இப்பெயர்ச்சியால் வந்த ஊதியம் பெரிது. பயணச் செலவும் நுழைவிசைவும் தடையாகாமையின், சிற்றூர்க் கல்லூரி ஆசிரியரும் அயல்நாட்டு அவையிற் கட்டுரை படிக்க இயன்றது. இழப்பும் உண்டு. சென்னையில் மாலை 7.30 மணியாகுங்கால், திசம்பரில் நியூயார்க்கில் காலை 9 மணி. சிங்கப்பூரில் இரவு 10 மணி. சிட்னியில் நள்ளிரவு கடந்து 1 மணி. இடம் நீங்கினும் காலம் நீங்கவில்லை; யாரேனும் ஒருவர் உறக்கம் இழந்தே அவை கூடிற்று. கட்டுரை படித்தல் கணினித் திரைக்கு எளிதிற் பெயர்ந்தது. உணவு வேளையில் இளைஞர் ஒருவர் மூத்த அறிஞரை அணுகி ஐயம் வினவும் வாய்ப்போ பெயரவில்லை.

பெயராதவர்

இனி, திருப்பெரும்பூதூரை நோக்குவாம். இராமானுசர் பிறந்த ஊர் இது. மறைபொருளைத் திருக்கோட்டியூரில் யாவரும் கேட்க அவர் உரைத்தார் என்பது வைணவ மரபு. இன்று இவ்வட்டாரம் சிப்காட் வளாகங்களால் அறியப்படுகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உந்துவண்டிகள் உருவாகின்றன. திருப்பெரும்பூதூரில் 2006இற் கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஆலை ஐபோன்களைப் பொருத்தி வருகின்றது. டெல் நிறுவனக் கணினிகளும் இங்கே உருவாகின்றன. அறிஞர் தம் இல்லத்திலிருந்தே அவை புகுதற்கு வாயிலாய் அமைந்த கருவிகளின் பிறப்பிடங்களுள் இஃதொன்று என்க.

அக்கருவிகளைச் செய்வோர் இல்லத்திலிருந்து பணியாற்ற இயலாது. தொழிலாளர் 'லைன்' என வழங்கும் பொருத்துவரிசையில் ஒருவர் பணி முடியும் இடத்தே அடுத்தவர் பணி தொடங்கும். பலர் பேருந்திற் கூடி வந்து, விடுதிகளிற் கூடித் தங்குபவர். 2021 மே மாதத்தில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர்க்குத் தொற்றுக் கண்டு, உற்பத்தி பாதிக்கு மேற் குறைந்ததெனச் செய்திகள் வெளிவந்தன. அம்மாதத்திலேயே ஒரகடம் ரெனால்ட்–நிசான் தொழிற்சங்கம், ஆலையில் உடலிடைவெளி பேணப்படவில்லை எனச் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டது. நெறிகள் யாவும் பின்பற்றப்படுகின்றன என நிறுவனம் மறுத்தது. மே 26 முதல் 30 வரை அவ்வாலை மூடப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும், தொழிலாளர் பணியிடத்திலேயே அமர்ந்து எதிர்ப்புக் காட்டியதன் பின்னர், மே 25 முதல் ஐந்து நாள் மூடப்பட்டது.

இங்கே ஓர் உண்மை தெளிவாகின்றது. 1919இற் பம்பாயிற் கூடிய அறிஞரும் அந்நகர ஆலைத் தொழிலாளரும் ஒரே காற்றையே உயிர்த்தனர். 2021இல் அறிஞர் விலகியிருக்க முடிந்தது. தொழிலாளர்க்கு அவ்விலக்கம் வழக்காடிப் பெறவேண்டிய பொருளாயிற்று. சொல்லைத் தொழிலாகக் கொண்டோரை இடம் விடுவித்தது. பொருளைச் செய்வோரை அது விடுவிக்கவில்லை.

முடிபு

இணைய மாநாட்டின் வரலாற்றை அறிவின் வெற்றியாக மட்டும் எழுதுதல் குறையுடையதாகும். அவை இடத்தை விட்டு நீங்கிற்று என்பதினும், அவ்விடத்தின் சுமையைப் பிறர் தாங்கினர் என்பதே பொருந்தும். ஆதலின் இக்கால மாநாடுகளின் வரலாற்றை வருங்காலத்தார் எழுதுங்கால், மலர்களோடும் ஒலி-ஒளிப் பதிவுகளோடும் உயர்நீதிமன்ற வழக்கேடுகளையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

மாநாடுகள் மீண்டும் மண்டபங்களிற் கூடுகின்றன. அப்போது திறந்த இணைய வாயிலை அடைத்துவிடுதல் தகாது. தொழிற்பயிற்சி பெற்று ஒரகடத்தில் முறைப்பணி ஆற்றும் இளைஞர், பகலில் நிகழும் அவைக்கு வர இயலாதவர். கருவியைச் செய்த கைகளுக்குரியோர் அக்கருவியின் வழியே அவையுரையைத் தமிழிற் கேட்குமாறு பதிவுகளைக் காத்து வழங்குதல் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.