அலையின் சீற்றமா, மனிதனின் அசட்டையா?

புயலலை கரையேறி ஊரை வாரிக்கொண்டு போனால், "கடலரசன் சீறினான், தலைவிதி!" என்று நம்மவர் பெருமூச்செறிவர். சரித்திரமோ வேறு உரைக்கின்றது.

கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்பார் ஒருவர் வாழ்ந்தார், முன்னாளில் கப்பலோட்டியவர். மாலுமிகளின் குறிப்பேடுகளைத் திரட்டி, புயற்காற்று சுழன்று வீசும் முறையை அவர் ஆராய்ந்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து "சைக்ளோன்" என்னும் பெயரை 1848-இல் தம் நூலில் வழங்கியவர் இவரே. அக்காற்று கடல்நீரைக் குவித்துக் கரைமேல் தள்ளுவதே பேரழிவுக்குக் காரணம் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

வங்காளத்தில் மாட்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் அமைக்கச் சர்க்கார் எண்ணிற்று. புயலலை ஒருநாள் அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பிடிங்டன் பகிரங்கக் கடிதம் வரைந்தார். கேட்பாரில்லை. 1858-இல் அவர் காலமானார். போர்ட் கானிங் துறைமுகம் எழுந்தது. 1867-இல் வந்த புயலலை அதனைப் பாழாக்கிற்று.

அதற்கு முன்னரே, 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலிலும் வெள்ளத்திலும் சுமார் 60,000 மக்கள் மாண்டனர். அதன் பின்பே, 1865-இல், அத்துறைமுகத்துக்குப் புயலெச்சரிக்கை முறை ஏற்பட்டது; 1875-இல் இந்திய வானிலை இலாகா தோன்றியது. எத்தனை உயிர் விலை!

அன்பர்களே, இன்று எச்சரிக்கை நம் வீடு தேடி வருகின்றது. அது கேட்டபின்னும் அலையை வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடுவோர், பிடிங்டன் கடிதத்தை மீண்டும் ஒருமுறை ஒதுக்கித் தள்ளுவோரே. விதியை நோவதற்கு முன், அறிந்தவர் சொல்லைக் கேட்டோமா என்று நம்மையே நாம் வினவுவோமாக.