பின் பிரேக் சொல்லும் கணக்கு

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் வந்து இங்கே புல்லட் ஆகப் பூட்டப்பட்டன. ராணுவம், போலீஸ் என்று ஓடிய வண்டி பிறகு நம் ஜெயமங்கலம் போன்ற ஊர்களுக்கும் வந்தது. வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக்.

அந்த பிரேக்கின் மூலம், பிரான்சின் லூயி ரெனோ 1902-இல் காருக்காக வடிவமைத்த டிரம் முறை. பெடலை மிதித்தால் ராடு இழுக்கும், கேம் திரும்பும், இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மில் உரசும்.

பழைய புல்லட்டில் ராடு முனை நட்டுதான் கணக்குப் புத்தகம். அது மரையில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ, அவ்வளவு லைனிங் கரைந்துவிட்டது என்று பொருள். மரை தீர்ந்ததும் சிலர் கேம் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவார்கள். பெடல் புதுசு போல நிற்கும். உள்ளே லைனிங் இருக்காது.

நானும் அப்படி மாட்டிக்கொண்டுதான் போடிமெட்டு இறங்கினேன். பாதி வழியில் கரகரவென்று சத்தம். மிதித்தும் வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கும் இரண்டாம் கியரும் காப்பாற்றின. கழற்றிப் பார்த்தால் டிரம்மில் வரிவரியாகக் கீறல்.

இன்னொன்று. டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவது அந்தக் காலப் பழக்கம். லைனிங்கில் இருந்ததோ நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

இப்போது பல வண்டிகளில் டிரம் அருகே அம்புக்குறி உண்டு. பெடலை முழுக்க மிதித்தபடி பாருங்கள். அம்பு கோட்டைத் தொட்டால் நட்டை முடுக்காதீர்கள், ஷூவை மாற்றுங்கள்.