மகனின் பெயரில் மிதந்த பள்ளிக்கூடம்

கடலோடும் தொழிலைக் கரையிலிருந்து கற்க முடியாது என்பது பழைய மாலுமிகளின் துணிபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்க்கப்பல்களின் காலம் மங்கத் தொடங்கிய பின்னரும் அத்துணிபு மாறவில்லை. நாளை நீராவிக் கப்பலில் பணிபுரியப் போகும் இளைஞனுக்கும் பாயும் கயிறும் காற்றுமே முதற்பாடமாக இருத்தல் வேண்டும் என ஐரோப்பிய நாடுகள் பல கருதின. அவற்றுள் டென்மார்க்கும் ஒன்று.

அந்நாட்டின் கப்பல் உரிமையாளர் பிரடெரிக் ஸ்டேஜ் என்பவருக்கு ஜோர்ஜ் என்றொரு மகன் இருந்தான். காசநோய் கண்டு 1880 இல் அவன் இளவயதிலேயே இறந்துபோனான். மகனை இழந்த தந்தை அவன் நினைவாக மண்டபமோ சிலையோ எழுப்பவில்லை. ஏனைய வீட்டுப் பிள்ளைகள் கடற்றொழில் பயில்வதற்கென ஒரு கப்பலைக் கட்டுவித்தார். கொப்பன்ஹேகனில் 1882 இல் நீரிறக்கப்பட்ட அந்த மூன்று பாய்மர இரும்புக் கப்பலுக்கு மகனின் பெயரே சூட்டப்பட்டது. ‘ஜோர்ஜ் ஸ்டேஜ்’ ஏறத்தாழ நூற்றுப்பத்து அடி நீளமே கொண்ட சிறிய கப்பல். எனினும் ஒரே தடவையில் எண்பது சிறுவர்களை ஏற்றிக்கொள்ளும் வகையில் அது அமைக்கப்பட்டிருந்தது.

பாய்க்கப்பலில் பயிற்சி பெறச் செல்வோர் முதல் நாளிலேயே நடுக்கடலில் பாய் விரிப்பர் என நாம் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. முதல் நாட்கள் பெரும்பாலும் துறைமுகத்திலேயே கழியும். முடிச்சுப் போடுதல், தளத்தைத் தேய்த்துக் கழுவுதல், இரவில் உறங்கும் கன்வஸ் தூளியைக் கட்டவும் காலையில் சுருட்டி வைக்கவும் பழகுதல் என்பனவே தொடக்கப் பாடங்கள். எண்பது தூளிகள் நெருக்கமாகத் தொங்கும் கீழ்த்தளத்தில், தன் உடைமைகளை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கி, அயலவனின் மூச்சொலியோடு உறங்கப் பழகுவதும் ஒரு பாடந்தான்.

அடுத்தது கயிறுகள். பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் தளத்திற்கு இறங்கி வருகின்றன. அவை கப்பலின் இருமருங்கும் உள்ள முளைகளில் மாறா ஒழுங்கில் சுற்றப்பட்டிருக்கும். எந்தக் கயிறு எந்த முளையில் உள்ளது என்பதைப் புதிதாய் வந்தவன் மனப்பாடம் செய்தாக வேண்டும். பகலில் கண்ணால் கண்டு கற்பதை இருளில் கையால் தடவி அறிய வேண்டும். ஏனெனில் புயல் பகலைப் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் ஒருவன் தவறான கயிற்றை அவிழ்த்தால், மேலே பாய் சுருட்டிக்கொண்டிருக்கும் தோழனின் உயிருக்கே அது ஆபத்தாகலாம்.

அதன் பின்னரே ஏறுதல். காற்று வீசும் பக்கமாக ஏற வேண்டும் என்பது முதல் விதி. அப்போது காற்று ஏறுபவனைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கத்தில் ஏறினால் அவனைக் கடலை நோக்கித் தள்ளும். பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் தடித்த கயிறுகளையே கைகள் பற்ற வேண்டும், ஏணிப்படிபோல் குறுக்கே கட்டிய மெல்லிய கயிறுகளையன்று என்பது இரண்டாவது விதி. படி அறுந்தாலும் பிடி நிலைக்கும். மேலே சென்றதும், பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலின் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றில் நின்றபடி, வயிற்றை மரத்தில் சாய்த்துப் பணிபுரிய வேண்டும். ஒருவன் அக்கயிற்றில் கால் வைக்கும்போது முன்னரே அங்கு நிற்பவனின் காலடியும் அசையும். ஆதலால் குரல் கொடுத்துவிட்டே கால் வைக்க வேண்டும். ஒரு கை கப்பலுக்கு, மறு கை உனக்கு என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை.

இவ்விதிகள் யாவற்றுக்கும் அடியில் ஒரு மௌன உடன்படிக்கை உள்ளது. ‘நீ துணிந்து ஏறு, உன் காலடியில் உள்ள கயிறு உறுதியானது என்பதற்கு நாங்கள் பொறுப்பு’ என்று பெரியவர்கள் சிறுவர்களிடம் கூறுகின்றனர். அந்த உடன்படிக்கை ‘ஜோர்ஜ் ஸ்டேஜ்’ கப்பலில் ஒருநாள் கடுமையாகச் சோதிக்கப்பட்டது.

1905 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி இரவு, கொப்பன்ஹேகனை அண்டிய கடலில் ‘அன்கோனா’ என்னும் பிரித்தானிய சரக்குக் கப்பல் இப்பயிற்சிக் கப்பலின் மீது மோதியது. சில நிமிடங்களுள் கப்பல் மூழ்கிவிட்டது. இருபத்திரண்டு மாணவர்கள் மாண்டனர். அவர்கள் கற்ற முடிச்சுகளும் கயிற்றொழுங்கும் பிடி தளராத கைகளும் அன்று அவர்களைக் காப்பாற்றவில்லை. நீர் ஓரிடத்தில் புகுந்தால் அங்கேயே அதனைத் தடுத்து நிறுத்தும் நீர்புகாத் தடுப்புச் சுவர்கள் அக்கப்பலில் இருக்கவில்லை. அது பிள்ளைகளின் குறையன்று. கப்பலைக் கட்டியவர்களின் குறை.

மகனை இழந்த ஒரு தந்தையின் துயரில் பிறந்த கப்பல், இருபத்திரண்டு குடும்பங்களுக்கு அதே துயரைக் கொடுத்துவிட்டது. அத்துடன் பள்ளியை மூடியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் கப்பல் கடலடியிலிருந்து மீட்கப்பட்டுத் திருத்தப்பட்டது. இம்முறை நான்கு தடுப்புச் சுவர்கள் பொருத்தப்பட்டன. மீண்டும் சிறுவர்கள் வந்தனர், மீண்டும் ஏறினர். 1934 வரை நாலாயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் அதில் பயின்று வெளியேறினர்.

இந்த உடன்படிக்கை எல்லா இடங்களிலும் காக்கப்பட்டதென்று கூறமுடியாது. 1957 செப்டெம்பர் 21 அன்று, ஆர்ஜென்டீனாவிலிருந்து ஹம்பேர்க் நோக்கி வந்த ஜேர்மனியப் பாய்க்கப்பல் ‘பாமிர்’ அத்திலாந்திக் சூறாவளியில் சிக்கிக் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 86 பேரில் 80 பேர் மாண்டனர். அந்த 86 பேரில் 51 பேர் பயிற்சி மாணவர்கள். அக்கப்பல் வெறும் பள்ளிக்கூடமன்று. செலவை ஈடுசெய்யச் சரக்கும் சுமந்தது. மூட்டைகளில் கட்டாமல் பெருமளவு உதிரியாகக் கொட்டப்பட்டிருந்த வாற்கோதுமை, கப்பல் சாய்ந்தபோது ஒருபக்கமாகச் சரிந்து மீண்டும் நிமிரவிடாது தடுத்தது என்பது விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. பருமலில் நிற்கக் கற்ற சிறுவனின் திறமையால் சரக்கறையில் சரியும் தானியத்தை நிறுத்த இயலாது.

‘ஜோர்ஜ் ஸ்டேஜ்’ கப்பலின் கதை அதன்பின் வேறு திசையில் சென்றது. 1934 இல் உடைத்து விற்கப்படவிருந்த நிலையில், அவுஸ்திரேலியாவில் பிறந்த மாலுமியும் எழுத்தாளருமான அலன் வில்லியர்ஸ் அதனை வாங்கி, ‘ஜோசப் கொன்ராட்’ எனப் பெயர் மாற்றினார். இளைஞர்கள் பலரை உள்ளடக்கிய குழுவுடன் ஈராண்டுகள் உலகைச் சுற்றி 57,000 மைல்களுக்கும் மேல் பயணித்து, 1936 இல் திரும்பினார். 1947 முதல் அக்கப்பல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள மிஸ்டிக் கடல்சார் அருங்காட்சியகத்தில் தரித்து நிற்கிறது. டென்மார்க்கிலோ அதே பெயர் கொண்ட இரண்டாவது ‘ஜோர்ஜ் ஸ்டேஜ்’ 1935 இல் பணியைத் தொடங்கியது. 1981 முதல் பெண்களும் அதில் பயில்கின்றனர். இன்றும் மாணவர்கள் தூளியில் உறங்கியே தொழில் கற்கின்றனர்.

முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் பணிபுரிந்த எனக்கு விபத்துச் செய்திகள் புதியனவல்ல. அவற்றில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் பெரும்பாலும் இறந்தவர் மீதே விழுவதைக் கண்டிருக்கிறேன். இளையோருக்குத் துணிவைப் போதிப்பது எளிது. அவர்கள் காலடியிலுள்ள கயிற்றை நாள்தோறும் சோதித்துப் பார்ப்பதே கடினம். மூழ்கிய கப்பலை மீட்டபோது டென்மார்க்கில் மாணவர்களுக்குப் புதிதாக ஒரு முடிச்சைக் கற்பித்ததோடு நின்றுவிடவில்லை. முதலில் நான்கு சுவர்களை எழுப்பினர். பிறகுதான் அடுத்த சிறுவனை ஏறச் சொன்னார்கள்.