அந்தப் பிள்ளைக்கு ஒரு தாய் உண்டு



1938-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலியில் சாமுவேல் பிரபு பேசினார். ஜெர்மனியிலிருந்து வரவிருந்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முன்வருமாறு அவர் மக்களை வேண்டினார். அதைக் கேட்ட நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டைத் திறந்துவிட இசைந்தன.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், நவம்பர் 9-ஆம் நாள் இரவில், ஜெர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. ஆண்கள் ஆயிரக்கணக்கில் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் பெற்றோரை விட்டுத் தனியே வரலாம் என்று இங்கிலாந்து அரசு அனுமதித்தது. டிசம்பர் 2-ஆம் நாள் ஏறத்தாழ 200 பிள்ளைகள் ஹார்விச் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் எண் எழுதிய அட்டை, கையில் சிறு பெட்டி. போர் மூளும்வரை இவ்வாறு வந்தவர்கள் சுமார் 10,000 பேர்.

இது சில காலத்துக்கான ஏற்பாடு என்றே அன்று எண்ணினார்கள். பிள்ளைகள் பின்னர் வெளியேறும் செலவுக்கென ஆளுக்கு 50 பவுண்டு பிணைத்தொகைகூடக் கேட்கப்பட்டது. சீக்கிரம் சந்திப்போம் என்று சொல்லித்தான் தாய்மார் இரயிலேற்றி அனுப்பினார்கள்.

பிள்ளைகளை ஏற்ற வீடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கவில்லை. டோவர்கோர்ட் முகாமுக்கு வந்து பார்த்தவர்களில் பலர் சின்னஞ்சிறு குழந்தைகளையே தேர்ந்தெடுத்தனர். வளர்ந்த பையன்கள் யாரும் அழைக்காமல் காத்திருந்தார்கள். சில வீடுகளில் பெரிய பெண்பிள்ளைகள் வேலைக்காரிகளாக நடத்தப்பட்டனர். வேறு பலர் பாசத்தோடுதான் வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பாசத்திலேயே சில பிள்ளைகளின் தாய்மொழியும், அவர்கள் பிறந்த சமயமும் கரைந்துபோயின. கிறிஸ்தவர்களாகிய நாமும் இதை மனத்தாழ்மையோடு நினைத்துப் பார்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொற்களுக்குள் மட்டுமே பெற்றோருக்குச் செய்தி அனுப்ப முடிந்தது. பிறகு அதுவும் நின்றது. பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரை மீண்டும் காணவே இல்லை. அரிதாகத் தாயோ தந்தையோ உயிரோடு வந்தபோது, அவர்களோடு பேசச் சில பிள்ளைகளுக்கு மொழி மறந்திருந்தது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? தத்தெடுத்தால் பிள்ளை நம் குடும்பப் பெயரைப் பெறுகிறது. வளர்ப்புக்காக ஏற்றால், பிள்ளை தன் பெயரோடும் தன் உறவுகளோடும் நம் வீட்டில் இருக்கிறது. சோறும் பள்ளிக்கூடமும் தருவது பாதிக் கடமை. அவன் யாருடைய பிள்ளை என்பதை அவனுக்காகக் காத்து வைப்பது மறுபாதி.

புனித சூசையப்பர் இதை அறிந்திருந்தார். எகிப்துக்கு ஓடி அந்தப் பிள்ளையைக் காத்தவர் அவர்; தச்சுத் தொழில் செய்து வளர்த்தவரும் அவரே. ஆயினும் பன்னிரண்டு வயதில் கோவிலில் அப்பிள்ளை வேறொரு தந்தையைப் பற்றிப் பேசியபோது, சூசையப்பர் முகம் சுளித்ததாக நற்செய்தி கூறவில்லை. மீண்டும் நாசரேத்துக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்.

பிறர் பிள்ளையை ஏற்க நம் குடும்பம் ஒருநாள் அழைக்கப்படலாம். இரவில் அந்தப் பிள்ளை தன் தாயைக் கேட்டு அழும்போது, மனம் சுருங்காமல் அருகில் அமர்ந்து, அவளைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்கும் பெரிய மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.