மில் சங்கும் வீட்டுப் பிள்ளைகளும்: பம்பாயில் வேலை நேரத்தின் வரலாறு

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் தாய், தகப்பன் இருவருமே வேலைக்குப் போவது இன்று சாதாரணம். டோம்பிவிலியிலோ முலுண்டிலோ வீடு. அந்தேரியிலோ பாந்த்ரா-குர்லாவிலோ அலுவலகம். "பிள்ளைங்களோட உட்கார நேரமே கிடைக்கலை" என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. இது கம்ப்யூட்டர் காலத்தில் வந்த புது நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நாம் குடியிருக்கும் இதே நகரத்தில் 140 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு விடையும் கிடைத்தது. அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூரியனே கடிகாரம்

காவஸ்ஜி தாவர் என்ற பார்ஸி வணிகர் 1854இல் தொடங்கிய நூற்பாலைதான் பம்பாயின் முதல் பஞ்சாலை. தார்தேவில் இருந்த அந்த ஆலை 1856இல் ஓட ஆரம்பித்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் பரேல், லால்பாக் பக்கமெல்லாம் புகைபோக்கிகள் எழுந்தன. வேலை நேரத்துக்குச் சட்டம் எதுவும் கிடையாது. விடிந்தால் மில் திறக்கும், இருட்டினால் மூடும். கோடையில் பகல் நீளம், வேலையும் நீளம். குளிர்காலத்தில் கொஞ்சம் குறையும்.

1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. இந்திய மில்களின் போட்டியைக் கண்டு பயந்த லங்காஷயர் முதலாளிகளின் நெருக்கடி இதற்கு ஒரு காரணம். சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்ற இந்நகரத்துப் பெரியவர்களின் இரக்கமும் ஒரு காரணம். ஆனால் அச்சட்டம் குழந்தைத் தொழிலாளரை மட்டுமே பார்த்தது. 7 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேர வேலை, மாதத்துக்கு 4 நாள் லீவு, அவ்வளவுதான். பெற்றவர்களுக்கு ஒரு வரம்பும் இல்லை.

லோகண்டே கேட்ட ஞாயிறு

அந்தக் குறையை எடுத்துப் பேசியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா புலேயின் வழி வந்தவர், 'தீனபந்து' பத்திரிகையை நடத்தியவர். 1884இல் இவர் கூட்டிய கூட்டத்தில் சுமார் 5,500 தொழிலாளர்கள் ஒரு விண்ணப்பத்தை ஆதரித்தார்கள். அவர்கள் கேட்டவை: ஞாயிறு விடுமுறை, மதியம் அரைமணி ஓய்வு, காலை ஆறரைக்குத் தொடங்கிப் பொழுது சாயும்போது முடியும் வேலை, மாதம் 15ஆம் தேதிக்குள் முன்மாதச் சம்பளம், விபத்தில் அடிபட்டவருக்கு உதவி.

பொழுது சாயும்போது வேலை முடிய வேண்டும் என்ற கோரிக்கையை இன்று படிக்கும்போது எனக்கு எங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வருகிறது. எங்கள் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை என்ற விரதம் உண்டு. சிற்றுயிர்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்பதே அதன் காரணம். ஆனால் அதில் குடும்பத்துக்கு ஒரு நன்மையும் சேர்ந்தே வந்தது. இருட்டுவதற்குள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தாக வேண்டும். தகப்பன் கடையை விட்டு வந்தே தீர வேண்டும். லோகண்டேயின் மக்கள் கேட்டதும் விரதமில்லாமல் அதே நன்மையைத்தான்.

1890 ஏப்ரலில் மகாலட்சுமி மைதானத்தில் சுமார் 10,000 பேர் கூடினார்கள். அதில் இரண்டு பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவ்வாண்டு ஜூன் 10ஆம் தேதி மில் முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தது. நாம் ஹாயாகத் தூங்கி எழுகிற ஞாயிற்றுக்கிழமை பம்பாய் மில் தொழிலாளிக்குக் கிடைத்தது இப்படித்தான்.

மின்விளக்கு வந்தது

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் மில்களுக்குள் மின்விளக்கு வந்தது. நூலுக்கும் துணிக்கும் நல்ல கிராக்கி இருந்த காலம். விளக்கு இருக்கிறது, கிராக்கியும் இருக்கிறது, பிறகு மில்லை ஏன் மூட வேண்டும்? 14 மணி, 15 மணி என்று இயந்திரங்கள் ஓடின. சூரியன் வைத்திருந்த வரம்பு போயிற்று. தொழிலாளர்கள் 1905இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரணைக் குழு அமைந்தது. 1911 சட்டம் பஞ்சாலையில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி என்று வரம்பு கட்டியது. 1922இல் அது நாளுக்கு 11, வாரத்துக்கு 60 ஆயிற்று. 1934இல் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946 திருத்தம் வாரத்துக்கு 48 மணி என்று கொண்டுவந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை நிலைநிறுத்தியது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பிலும் 48 மணி என்ற எண்ணே இருக்கிறது.

அபின் உருண்டை

சட்டங்களை வரிசையாகச் சொல்லிவிட்டால் வரலாறு முடிந்துவிடாது. அந்த நீண்ட மணிநேரங்களுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

1920களில் பம்பாய் மில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். பெரும்பாலும் நூல் சுற்றும் பகுதியில் வேலை. விடியுமுன் எழுந்து, ஒற்றை அறைச் சாலில் சமைத்து வைத்துவிட்டு மில்லுக்கு ஓட வேண்டும். கைக்குழந்தையை என்ன செய்வது? 1922இல் டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர் அரசுக்காக விசாரித்துக் கொடுத்த அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. ஆலைப் பெண்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்பட்டது என்கிறது அந்த அறிக்கை. 'பாலகோலி' என்ற பெயரில் சின்ன உருண்டையாகக் கடையில் கிடைக்கும். அதைக் கொடுத்தால் அம்மா வருகிறவரை குழந்தை அழாமல் தூங்கும்.

அந்தத் தாய்மார்களைக் கொடியவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தையின் வயிற்றுக்காகத்தான் மில்லுக்குப் போனார்கள். அங்கே போக முடிய வேண்டுமே என்றுதான் அபினைக் கொடுத்தார்கள். மில்லின் கணக்குப் புத்தகத்தில் நூலும் துணியும் வரவில் ஏறின. அந்த அபின் எந்தப் பக்கத்திலும் செலவாக எழுதப்படவில்லை. நான் வியாபாரி. செலவை எழுதாத கணக்கு லாபம் காட்டத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும்.

1928இல் பம்பாய் சட்டசபையில் பிரசவகால உதவி மசோதா வந்தபோது, தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு தேசத்தின் நலனுக்கே என்று அம்பேத்கர் வாதாடினார். 1929இல் மசோதா சட்டமாயிற்று. 1948 சட்டம் பெண்கள் 50 பேருக்கு மேல் உள்ள ஆலையில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது; 1976இல் அந்த எண் 30 ஆகக் குறைந்தது. 2017 திருத்தம் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கியது.

சென்னையில் பத்து நிமிஷம்

நம் ஊரிலும் இதே கதைதான். சென்னை பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு இருந்தது 30 நிமிஷம். அதை 40 ஆக்குங்கள் என்பது அவர்களின் தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் நின்றார். அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் சிறு வணிகர்கள். வணிகர் என்றால் வேலை வாங்குகிறவர் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

இன்றைய கணக்கு

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவரின் பேச்சில் அது 90 மணியாகி, ஞாயிற்றுக்கிழமை வேலையும் சேர்ந்துகொண்டது. பெரிய மனிதர்கள், நாட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

1911 சட்டப்படி நாளுக்கு 12 மணி. ஆறு நாளைக்கு 72 மணி. ஆக, 70 மணி என்பது 1911ஆம் ஆண்டின் பஞ்சாலை நேரம். 90 மணியை ஆறால் வகுத்தால் நாளுக்கு 15 மணி. அது மின்விளக்கு வந்த புதிதில், சட்டமே இல்லாதபோது ஓடிய நேரம். அந்தப் பதினைந்திலிருந்து நாற்பத்தெட்டு மணி வாரத்துக்கு வந்து சேர நம் முன்னோருக்கு நாற்பது வருஷம் பிடித்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு வந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நினைவுள்ள மக்களாக இருந்ததால்தான் அது முடிந்தது.

வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். அலுவலகம் 12 மணி, லோக்கல் ரயிலிலும் ஆட்டோவிலும் போக வர 3 மணி, தூக்கம் 7 மணி. மொத்தம் 22. மிச்சம் 2. குளிக்கணும், சமைக்கணும், சாப்பிடணும். பிள்ளையின் ஹோம்வொர்க் எந்த மணியில்? தமிழ் எழுத்து எந்த மணியில்? இன்று யாரும் அபின் கொடுப்பதில்லை. ஆனால் அழுகிற பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கிற வீடுகள் எத்தனை என்று நமக்கே தெரியும். அந்தப் பெற்றோரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பழைய மின்விளக்கு செய்த வேலையை இன்று செல்போன் செய்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் அலுவலகம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஊழியருக்கு 'மேனேஜர்' என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால் 48 மணி வரம்பும் பெரும்பாலும் அவரைக் காப்பதில்லை.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இன்று பிறரிடம் வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறார்கள். சிலர் மேலதிகாரிகள், சிலர் என்னைப்போல் கடை வைத்திருப்பவர்கள். லோகண்டே கூட்டம் போட்டுக் கேட்டதில் ஒரு பகுதியையாவது நாம் யாரும் கேட்காமலே கொடுக்கலாம். பிள்ளை உள்ளவரைப் பொழுதோடு அனுப்புங்கள். ராத்திரியில் போன் செய்யாதீர்கள். ஞாயிறு அவர்களுடையது, 1890லேயே இந்த ஊரில் தீர்ந்துபோன வழக்கு அது.